ஏசி வாங்கியாச்சு, யாரை விட்டு மாட்டுவது?

வேலூரில் ஏசி வாங்கப் போகிறவர்கள் எந்த பிராண்டு, எத்தனை ஸ்டார், ஒரு டன்னா ஒன்றரை டன்னா என்று பத்து பேரிடம் விசாரிப்பார்கள். அதை மாட்டப்போவது யார் என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. கடைக்காரர் "இன்ஸ்டலேஷன் ஃப்ரீ சார்" என்று ஒரு வார்த்தை சொன்னதும் அந்தப் பேச்சு அதோடு முடிந்துவிடும். எனக்கு இந்த வரிசை தலைகீழாகப் படுகிறது. ஓரளவு நல்ல பெயருள்ள இரண்டு மெஷின்களுக்கு நடுவே உள்ள வித்தியாசத்தைவிட, ஒரே மெஷினை நிதானமாக மாட்டுவதற்கும் அவசர அவசரமாக மாட்டுவதற்கும் உள்ள வித்தியாசம் பெரிது. அதனால் இங்கே பிராண்டுப் பேச்சு எதுவும் கிடையாது. கம்பெனி அனுப்பும் ஆள், கடை அனுப்பும் ஆள், நமக்குத் தெரிந்த மெக்கானிக், இந்த மூன்று பேரில் யாரிடம் கொடுப்பது, கொடுத்த பிறகு வேலை ஒழுங்காக நடந்ததா என்று எதை வைத்துக் கண்டுபிடிப்பது, அவ்வளவுதான்.

முதலில் ஒரு விஷயம். ஏசி குளிரை உண்டாக்குவதில்லை. அறைக்குள் இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே கொண்டுபோய்க் கொட்டுகிறது. குளிர் நாடுகளில் இதே மெஷினைத் திருப்பி ஓட்டி, வெளியே உள்ள வெப்பத்தை வீட்டுக்குள் இழுத்துவந்து சூடேற்றுகிறார்கள், அதைத்தான் ஹீட் பம்ப் என்கிறார்கள். நம் கடைகளில் 'ஹாட் அண்ட் கோல்டு' என்று விற்பதும் அதேதான். ஒன்றரை டன் மெஷின் என்றால் மணிக்கு 18,000 பிடியு (வெப்பத்தை அளக்கும் ஓர் அலகு), அதாவது சுமார் 5 கிலோவாட் வெப்பத்தை அறையிலிருந்து வெளியே தள்ளவேண்டும். அதைச் சுமந்து போவது பைப்புக்குள் சுற்றும் கேஸ். கேஸ் குறைந்தாலோ, அதோடு காற்று கலந்தாலோ, வெளியே வைக்கும் அவுட்டோரில் வெப்பத்தைக் கொட்ட இடம் இல்லாமல் போனாலோ, எத்தனை ஸ்டார் ஒட்டியிருந்தும் பயனில்லை. இந்த மூன்றும் மாட்டுகிறவர் கையில் இருக்கின்றன.

அமெரிக்காவில் என்ஐஎஸ்டி என்ற அரசுத் தரநிர்ணய நிறுவனம் 2014ல் வீட்டு ஹீட் பம்ப் மாட்டும்போது வரும் கோளாறுகளை ஆராய்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டது. கோளாறாக மாட்டிய வீட்டில் குளிரூட்டவும் சூடேற்றவும் ஆகும் மின்செலவு 30 சதவீதம் வரை கூடலாம் என்பது அதன் முடிவு. அவர்கள் எடுத்துக்கொண்டது வீடு முழுக்க டக்ட், அதாவது காற்றைக் கொண்டுபோகும் பெரிய குழாய், ஓடும் சிஸ்டம், அதில் டக்ட் ஒழுகுவதுதான் பெரிய பிரச்சினை, அது நமக்குப் பொருந்தாது. ஆனால் கேஸ் குறைவு, இன்டோரில் காற்றோட்டம் குறைவு, தேவைக்கு மேல் பெரிய மெஷின், இவையும் அந்தப் பட்டியலில் உண்டு, நம் வீட்டு ஸ்ப்ளிட் ஏசிக்கும் அது பொருந்தும். மூணு ஸ்டாருக்குப் பதில் அஞ்சு ஸ்டார் என்று கூடுதலாகப் பணம் கட்டி வாங்கி, அந்த லாபத்தை மாட்டும் அன்றைக்கே விட்டுவிடலாம்.

நம் ஊரில் இது இன்னும் கடுமை. ஸ்டிக்கரில் போட்டிருக்கும் திறனை வெளி வெப்பம் 35 டிகிரி என்று வைத்து அளக்கிறார்கள். கத்திரி வெயிலில் வேலூர் 40ஐத் தாண்டுவது யாருக்கும் புதிதல்ல. சத்துவாச்சாரி போல மலை ஓரத் தெருக்களில் பாறையின் சூடு ராத்திரி வெகுநேரம் வரை இறங்காது. ஆக மெஷின் ஏற்கெனவே தன் எல்லையை ஒட்டித்தான் ஓடப்போகிறது. ஊட்டியில் கவனிக்காமல் போகும் சின்னத் தப்பு இங்கே மே மாசத்தில் மதியம் ரெண்டு மணிக்கு வெளியே தெரிந்துவிடும்.

சரி, அந்த மூன்று பேர்.

கம்பெனி ஆள் என்று நாம் சொல்பவர் பெரும்பாலும் கம்பெனியில் சம்பளம் வாங்குபவர் கிடையாது. அந்த ஏரியாவுக்கு சர்வீஸ் எடுத்திருக்கும் ஒரு ஏஜென்சியின் ஆள். மெஷினுக்கு இவ்வளவு என்று கூலி. சீசனில் ஒரு நாளில் காட்பாடி, பாகாயம், விருதம்பட்டு என்று வீடு வீடாக ஓடவேண்டும், அடுத்த வீட்டுக்காரர் போன் அடித்துக்கொண்டே இருப்பார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, நாலு மணி நேர வேலையை ஒன்றரை மணி நேரத்தில் முடித்தால்தான் அவருக்கு நாள் கூலி கட்டும். ஆனாலும் இந்த வழியில் ஒரு பெரிய லாபம் இருக்கிறது. மெஷினின் சீரியல் நம்பரோடு வேலை கம்பெனி கணக்கில் ஏறுகிறது. பின்னால் கேஸ் லீக் என்று புகார் கொடுத்தால் "யார் மாட்டினது சார்?" என்ற பேச்சு எழாது. அதைவிட முக்கியம், வேலை நடக்கும்போதே மேனுவலைக் காட்டி "இதில் சொன்னபடி செய்யுங்க" என்று நாம் கேட்கலாம். அவர் மறுத்தால் கஸ்டமர் கேருக்குப் போட ஒரு நம்பர் இருக்கிறது.

கடை அனுப்பும் ஆள் இலவசமாக வருகிறார், அதில்தான் வில்லங்கம். மெஷினோடு வந்த பைப்பை மட்டும் வைத்து வேலையை முடிக்கப் பார்ப்பார். பைப் எட்டவில்லை என்றால் அவுட்டோரைப் பைப் எட்டும் இடத்தில் வைத்துவிடுவார், காற்று வரும் இடமா என்று பார்க்கமாட்டார். ஸ்டாண்ட் தனி, கூடுதல் பைப் தனி, ஓட்டை போட தனி என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்து கடைசியில் கம்பெனி கூலியை விட அதிகமாகவே போய் நிற்கும். பிரச்சினை வந்தால் கடைக்காரர் கம்பெனியைக் கேளுங்கள் என்பார், கம்பெனிக்காரர் எங்கள் ஆள் மாட்டவில்லையே என்பார். காட்பாடியில் என் சித்தி வீட்டில் இதுதான் நடந்தது. முதல் வருடம் நன்றாகவே ஓடியது, அடுத்த கோடையில் காற்று மட்டும் வந்தது, பார்த்தால் இன்டோர் பக்கத்து ஃப்ளேர் நட்டை (பைப்பின் விரித்த வாயை இறுக்கிப் பிடிக்கும் நட்டு) அளவுக்கு மீறி முறுக்கியதில் பைப்பின் வாய் விரிசல் விட்டு மொத்த கேஸும் போயிருந்தது. ஒரு வருட வாரண்டி முடிந்துவிட்டதால் கேஸ் ஏற்றிய செலவு முழுக்க சித்தப்பா தலையில். பல கம்பெனிகள் கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரசருக்குப் பத்து வருடம் என்று பெரிதாகப் போட்டாலும், கேஸ் போனது அதில் அடங்குமா என்று வாரண்டி கார்டின் சின்ன எழுத்தைப் படித்தால்தான் தெரியும்.

மூன்றாவது, தெரிந்த மெக்கானிக். தெருவில் இருப்பவர், அவசரத்துக்குக் கூப்பிட்டால் ராத்திரி ஒன்பது மணிக்கும் வருபவர், வேலையில் தப்பு என்றால் நம் முகத்தில் விழிக்கவேண்டியவர். இந்த உறவுக்கு விலை கிடையாது. ஆனால் அனுபவம் மட்டும் போதுமா என்றால் போதாது. பழைய மெஷின்களில் இருந்தது ஆர்-22 கேஸ். இப்போது பெரும்பாலும் ஆர்-32 வருகிறது. இதன் அழுத்தம் ஆர்-22ஐப் போல ஒன்றரை மடங்குக்கு மேல், தவிர லேசாகத் தீப்பிடிக்கும் தன்மையும் உண்டு. அந்தக் காலத்தில் இருபது வருடம் கைப்பழக்கத்தில் முறுக்கிய ஃப்ளேர் அந்த அழுத்தத்துக்குத் தாங்கியது, இதற்குத் தாங்கும் என்று சொல்லமுடியாது. ஐடிஐயில் ஏசி டிரேடு படித்துவிட்டு வந்த சின்னப் பையன் சிலசமயம் இதில் அண்ணன்மார்களை விடச் சரியாகச் செய்கிறான். வயதைப் பார்க்காமல் பையைப் பாருங்கள். பையில் வேக்கம் பம்ப், ஆர்-32க்கான அழுத்தம் காட்டும் கேஜ், பைப்பின் வாயை விரிக்கும் நல்ல ஃப்ளேரிங் டூல், எடை மெஷின், முடிந்தால் நட்டை அளவாக முறுக்கும் டார்க் ரெஞ்ச், இவை இருந்தால் பேச்சை மேலே நகர்த்தலாம். சில கம்பெனிகள் வெளி ஆள் மாட்டினால் வாரண்டி செல்லாது என்று எழுதியிருக்கும், அதையும் முன்னாலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த மூன்று பேரையும் ஒரே தராசில் வைக்க ஒரு கேள்வி போதும்: வேக்கம் போடுவீங்களா?

இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் மொத்த வேலையின் தரமும் இந்த அரைமணி நேரத்தில்தான் இருக்கிறது. புது மெஷினில் கேஸ் முழுக்க அவுட்டோருக்குள் அடைத்து வந்திருக்கும். ஒன்றரை டன்னுக்குப் பெரும்பாலும் ஒரு கிலோவை ஒட்டித்தான் இருக்கும், அவுட்டோரின் பக்கத்தில் ஒட்டிய தகட்டில் சரியான எடை போட்டிருக்கும். இன்டோரிலும் புதிதாக இழுத்த பைப்பிலும் இருப்பது நம் ஊர்க் காற்று, அதில் ஈரமும் உண்டு. அவுட்டோர் வால்வைத் திறப்பதற்கு முன்னால் அந்தக் காற்றையும் ஈரத்தையும் வெளியே எடுத்தாகவேண்டும். அதற்குத்தான் வேக்கம் பம்ப். அது இல்லாதவர் என்ன செய்வார் என்றால், ஒரு நட்டை லேசாகத் தளர்த்திவிட்டு அவுட்டோர் வால்வைக் கொஞ்சம் திறப்பார், கேஸ் புஸ்ஸென்று வந்து காற்றைத் தள்ளிக்கொண்டு வெளியே போகும், நட்டை முறுக்கிவிடுவார். "இன்னாத்துக்கு சார் வேக்கம், கேஸ் வுட்டா காத்து தானா போயிடும்" என்று சிரித்தபடியே சொல்வார்கள். பத்து விநாடி வேலை.

அதில் மூன்று கெடுதல். அளந்து அடைத்து வந்த கேஸில் கொஞ்சம் வீணாகப் போகிறது. காற்று முழுக்கப் போவதில்லை, மிச்சமிருக்கும் காற்று குளிர்ந்து திரவமாக மாறாது, அவுட்டோர் காயிலில் இடத்தை அடைத்துக்கொண்டு அழுத்தத்தை ஏற்றுகிறது, அதனால் கம்ப்ரசர் கூடுதல் கரண்ட் இழுக்கிறது. மூன்றாவதுதான் கொடுமை: உள்ளே நின்றுபோன ஈரம் கம்ப்ரசர் ஆயிலோடு சேர்ந்து நாளடைவில் அமிலமாகிறது, அது கம்ப்ரசர் மோட்டாரின் கம்பிச் சுருளான வைண்டிங்கை அரிக்கிறது. முதல் நாள் ஜில்லென்று காற்று வரும், எல்லோரும் சந்தோஷமாக டீ கொடுத்து அனுப்புவோம். கெடுதல் தெரியவரும்போது மாட்டியவர் பெயரே நினைவிருக்காது. ஆர்-32 ஒரு கிலோ காற்றில் கலந்தால் பூமியைச் சூடாக்குவதில் 675 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம், ஆகவே வீணாக வெளியே விடுவது யாருக்கும் நல்லதல்ல.

சரியான வேக்கம் எப்படி இருக்கும் என்றால், அவுட்டோரின் பெரிய வால்வில் கேஜ் ஹோஸை மாட்டி, மறுமுனையைப் பம்ப்பில் கொடுத்து ஓடவிடுவார்கள். கேஜில் நீல முள் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கி பாதரச அளவில் முப்பது இஞ்ச் பக்கம் போய் நிற்கும். முள் இறங்கியதும் நிறுத்திவிடுவது பாதி வேலை. காற்று போய்விட்டது, ஈரம் ஆவியாகி வெளியே வர இன்னும் நேரம் வேண்டும், வீட்டு அளவு பைப்புக்கு இருபது முப்பது நிமிடமாவது ஓடட்டும். அப்புறம் கேஜ் வால்வை மூடி, பம்ப்பை நிறுத்தி, பத்துப் பதினைந்து நிமிடம் முள்ளை மட்டும் பாருங்கள். முள் அசையாமல் நின்றால் ஜாயிண்ட் எல்லாம் கெட்டி. மெல்ல மேலே ஏறினால் எங்கோ லீக் அல்லது உள்ளே ஈரம் இருக்கிறது, வால்வைத் திறக்கவே கூடாது. வேக்கத்தை இன்னும் நுணுக்கமாக அளக்கும் மைக்ரான் கேஜ் வைத்திருப்பவர் கிடைத்தால் 500 மைக்ரானுக்குக் கீழே வருகிறதா என்று கேளுங்கள், அப்படி ஒருவர் அகப்பட்டால் அவர் நம்பரைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். கேஸ் திறந்த பிறகு இன்டோரில் இரண்டு, அவுட்டோரில் இரண்டு என்று நாலு ஜாயிண்டிலும் சோப்பு நுரை தடவிப் பார்க்கவேண்டும், அதுவும் டேப் சுற்றுவதற்கு முன்னால். டேப் சுற்றிய பிறகு இன்டோர் ஜாயிண்ட் கண்ணிலேயே படாது.

அந்த ஜாயிண்டைச் செய்வதையும் பக்கத்தில் நின்று பார்க்கலாம். காப்பர் பைப்பை வெட்டியதும் உள்விளிம்பில் பிசிறு நிற்கும். நல்ல கைக்காரர் பைப்பின் வாயைத் தரையைப் பார்க்கப் பிடித்துக்கொண்டு பிசிறை எடுப்பார், செம்புத் தூள் உள்ளே விழுந்தால் நேராகக் கம்ப்ரசருக்குப் போகும் என்று அவருக்குத் தெரியும். நட்டை முதலில் கோர்த்துவிட்டு டூலை வைத்து வாயை விரிப்பார், நாதஸ்வரத்தின் வாய் போல ஒரே சீராக விரிந்திருக்கவேண்டும், ஒரு பக்கம் நீண்டு ஒரு பக்கம் குறுகி இருந்தாலோ கீறல் இருந்தாலோ வெட்டி எறிந்துவிட்டு மறுபடியும் போடவேண்டும். விரித்த வாயில் ஒரு சொட்டு ஆயில் தடவி, நட்டைக் கையாலேயே முக்கால்வாசி ஏற்றி, கடைசியில் இரண்டு ஸ்பேனர் போட்டு முறுக்குவார். ஒற்றை ஸ்பேனரில் முறுக்கினால் பைப்பும் சேர்ந்து முறுக்கிக்கொள்ளும்.

பைப்பிலும் இரண்டு வழி உண்டு: மெஷினோடு வருவது, தனியாக வாங்குவது. கூடவே வரும் மூணு மீட்டர் பைப் எட்டினால் அதையே போடலாம். எட்டவில்லை என்றால் நடுவில் ஒட்டுப்போட்டு நீட்ட விடாதீர்கள், ஒரே நீளமாகப் புதிதாக வாங்குங்கள். சிலர் விலை குறைவு என்று அலுமினியம் பைப்பையோ கனம் குறைந்த காப்பரையோ தலையில் கட்டுவார்கள். எவ்வளவு கனம், என்ன சைஸ் என்று மேனுவலில் இருக்கும், ஒன்றரை டன்னுக்குப் பெரும்பாலும் கால் இஞ்சும் அரை இஞ்சும். பைப் கம்பெனி சொன்ன நீளத்தைத் தாண்டினால் மீட்டருக்கு இத்தனை கிராம் என்று கேஸைச் சேர்க்கவேண்டும். அதை எடை மெஷினில் வைத்துத்தான் ஏற்றவேண்டும். இன்வெர்ட்டர் மெஷினில் கம்ப்ரசர் வேகம் மாறிக்கொண்டே இருப்பதால் பிரஷரைப் பார்த்து "போதும்" என்று சொல்வது உத்தேசக் கணக்கு. இன்னொன்று, சின்ன பைப்புக்கும் பெரிய பைப்புக்கும் தனித்தனியாக இன்சுலேஷன் போடவேண்டும். நம் ஸ்ப்ளிட் மெஷின்களில் கேஸ் அவுட்டோரிலேயே விரிந்துவிடுவதால் சின்ன பைப்பும் சில்லென்றுதான் இருக்கும். ரெண்டையும் ஒரே ஸ்லீவில் திணித்தாலோ, சின்னதை வெறுமனே விட்டாலோ சுவரெல்லாம் தண்ணீர்க் கறை பிடிக்கும்.

அவுட்டோர் எங்கே என்பதில்தான் வீட்டில் சண்டையே வரும். சன்ஷேடு மேலேயா, சுவரில் ஸ்டாண்ட் அடித்தா, மொட்டை மாடியிலா? பைப் குறைவு, சர்வீஸ் சுலபம் என்று பார்த்தால் சுவர் ஸ்டாண்ட். ஆனால் மேற்குச் சுவர் என்றால் மதிய வெயில் முழுக்க மெஷின் மேல். கொசப்பேட்டைப் பக்கத்துப் பழைய வீடுகளில் சுண்ணாம்புக் காரைச் சுவர் இருக்கும், அதில் போல்ட் நம்பிக்கையாகப் பிடிக்காது, முப்பது கிலோவை ஒட்டிய ஒரு மெஷின் ஆடிக்கொண்டே இருக்கும் இடம் அது, அங்கே மாடிதான் சரி. மாடியில் வைத்தால் காற்று தாராளம், ஆனால் கைப்பிடிச் சுவரை ஒட்டி முகத்தைத் திருப்பி வைத்தால் விட்ட சூட்டையே திரும்ப இழுக்கும். பின்னால் அரை அடியாவது, முன்னால் இரண்டு அடிக்கு மேல் காலியாக இருக்கட்டும், மேனுவலில் படமே போட்டிருக்கும். நிழலுக்கு மேலே உயரமாக ஒரு ஷீட் போடலாம், மெஷினை மூடினாற்போல் எதுவும் வேண்டாம். இரண்டு வீட்டுக்கு நடுவில் உள்ள ஒரு முழச் சந்தில் வைப்பதுதான் எல்லாவற்றிலும் மோசம். நாலு வீட்டு அவுட்டோரும் ஒரே சந்தில் சூட்டைக் கொட்டினால் அங்கே வெப்பம் எங்கே போய் நிற்கும் என்று யோசித்துப் பாருங்கள். என் ஓட்டு: வடக்கு அல்லது கிழக்குச் சுவர் கான்கிரீட்டோ நல்ல சிமெண்டுக் கட்டோ ஆக இருந்தால் ஸ்டாண்ட், இல்லையென்றால் பைப் செலவு கூடினாலும் மாடி.

ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு பக்கம் தோல் பதனிடும் ஷாப்புகளுக்கு அருகில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். அந்த அழுகின முட்டை வாடைக்குக் காரணமான ஹைட்ரஜன் சல்ஃபைடு செம்பைக் கறுக்கவைத்து அரிக்கும். வாடை வரும் திசைக்கு முதுகு காட்டி, திறந்த சாக்கடைக்கும் செப்டிக் டாங்க் காற்றுக் குழாய்க்கும் தள்ளி வையுங்கள், காயிலுக்குப் பாதுகாப்புக் கோட்டிங் உள்ள மெஷினாகப் பாருங்கள்.

புதிதாக வீடு கட்டுகிறவர்கள் கேட்பது, பைப்பைச் சுவருக்குள் புதைப்பதா வெளியே விடுவதா என்று. பார்க்க அழகு உள்ளே விடுவதுதான். நான் வெளியே விடச் சொல்வேன், பிவிசி உறை போட்டால் பார்வைக்கும் ஒன்றும் மோசமில்லை. பத்து வருடத்தில் மெஷின் மாறும், அப்போது பைப் சைஸ் மாறினால் சுவரை உடைக்கவேண்டும். உள்ளேதான் வேண்டும் என்றால் சுவருக்குள் ஜாயிண்டே இருக்கக்கூடாது, பூச்சு வேலைக்கு முன்னால் நைட்ரஜன் ஏற்றி ஒரு ராத்திரி நிறுத்தி அழுத்தம் குறைகிறதா என்று பார்க்கவேண்டும், முனைகளை அடைத்துவைக்கவேண்டும். மேஸ்திரியின் சிமெண்டுத் தூள் உள்ளே போன பைப்பை யாரும் காப்பாற்றமுடியாது. நைட்ரஜன் இல்லை, வெல்டிங் சிலிண்டரில் இருக்கும் ஆக்சிஜனை வைத்து டெஸ்ட் செய்கிறேன் என்று யாராவது சொன்னால் உடனே நிறுத்துங்கள், ஆயிலோடு சேர்ந்து வெடிக்கும்.

தண்ணீர், கரண்ட் இரண்டையும் சீக்கிரம் சொல்லிவிடலாம். ரசமட்டம் வைத்து இன்டோர் மட்டமாக இருக்கிறதா பாருங்கள். சுவர் ஓட்டை வெளிப்பக்கம் கொஞ்சம் சரிந்து இருக்கவேண்டும், இல்லையென்றால் ஐப்பசி மழை ஓட்டை வழியாக உள்ளே வரும். டிரெயின் பைப் நடுவில் எங்கும் மேலேறி இறங்கக்கூடாது, முனை பக்கெட் தண்ணீருக்குள் மூழ்கவும் கூடாது. ஆள் கிளம்புவதற்கு முன்னால் ஃபில்டரைக் கழற்றி காயில் மேல் மெதுவாக ஒரு சொம்புத் தண்ணீர் விட்டு, முழுக்க வெளியே வருகிறதா என்று பார்த்துவிடுங்கள். ஓட்டையைச் சுற்றிப் பூசி அடைக்கவேண்டும், பல்லி உள்ளே போய் போர்டில் ஏறினால் போர்டு காலி. கரண்டுக்குத் தனி லைன், தனி எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் தானாக ஆஃப் ஆகும் சுவிட்ச்), குறைந்தது 2.5 சதுர மில்லிமீட்டர் காப்பர் ஒயர், தூரம் அதிகம் என்றால் 4. எர்த் உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், பிளக்கில் மூணாவது பின் இருப்பதால் எர்த் இருக்கிறது என்று அர்த்தமில்லை. இன்டோருக்கும் அவுட்டோருக்கும் நடுவில் ஓடும் கேபிளில் ஒட்டு வேண்டாம், இன்வெர்ட்டர் மெஷினில் அது எரர் கோடாக வந்து நிற்கும். ஸ்டெபிலைசர் தேவையா என்பது மேனுவலில் போட்டிருக்கும் வோல்டேஜ் அளவையும் உங்கள் தெரு வோல்டேஜையும் பொறுத்தது.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் நம் ஊரில் ஏராளம், ஆஸ்பத்திரி, காலேஜ் வேலையில் வந்தவர்கள் ரெண்டு மூணு வருடத்துக்கு ஒருமுறை வீடு மாறுவார்கள். மெஷினைக் கழற்றி மாட்டும் இந்த வேலைக்குக் கம்பெனி ஆளைவிட, கருவி வைத்திருக்கும் தெரிந்த மெக்கானிக்கே மேல் என்பது என் எண்ணம், ஏனென்றால் கழற்றுவதும் மாட்டுவதும் ஒரே ஆளாக இருந்தால் பழியை அடுத்தவர் மேல் போட முடியாது. கழற்றும் முன் மெஷினை ஓடவிட்டு சின்ன வால்வை முதலில் மூடி, கேஸை அவுட்டோருக்குள் இழுத்த பிறகு பெரிய வால்வை மூடி, உடனே ஆஃப் செய்யவேண்டும். கேஜ் மாட்டிப் பார்த்தபடி செய்யவேண்டிய காரியம் இது. அப்போது எங்காவது ஜாயிண்ட் தளர்ந்து காற்று உள்ளே இழுக்கப்பட்டால் கம்ப்ரசர் வெடித்த சம்பவங்கள் உண்டு. புது வீட்டில் பழைய ஃப்ளேரை அப்படியே மாட்டாமல் வெட்டிப் புதிதாகப் போட்டு, மறுபடியும் வேக்கம் போடவேண்டும்.

ஆக, புது மெஷின் என்றால் கம்பெனி ஆள், ஆனால் ஏப்ரல், மேயில் வேண்டாம், முடிந்தால் மாசி மாதமே வாங்கி மாட்டிவிடுங்கள். அப்போது அவருக்கும் அவசரம் இல்லை, உங்களுக்கும் இல்லை. புக் செய்யும்போதே வேக்கம் பம்ப்போடு வரச் சொல்லுங்கள், வந்ததும் பம்ப் கையில் இல்லையென்றால் "பரவால்ல தம்பி, நாளைக்கு வாங்க" என்று திருப்பி அனுப்பத் தயங்காதீர்கள், மெஷின் பெட்டியிலேயே ஒரு நாள் இருந்தால் ஒன்றும் ஆகாது. நல்ல மெக்கானிக் கைவசம் இருந்தால் அவரை அன்றைக்கு வீட்டுக்கு வரவழைத்துப் பக்கத்தில் நிற்கவைத்து ஒரு தொகை கொடுங்கள். இரண்டு பேரையும் சேர்த்து வைப்பது தனித்தனியாக யாரிடம் கொடுப்பதையும் விட நல்ல வழி என்று எனக்குத் தோன்றுகிறது, கம்பெனி ஆளும் இன்னொரு தொழில்காரர் பார்க்கிறார் என்றால் கொஞ்சம் நிதானிப்பார். இலவச இன்ஸ்டலேஷன் என்று கடை சொன்னால், அந்தத் தொகையைப் பில்லில் குறைக்கச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள், சில கடைகள் ஒப்புக்கொள்ளும்.

மாட்டி முடித்ததும் ஜன்னல், கதவை மூடி, 24ல் ஆன் ஆகும் மெஷினை 18க்கு இறக்கி, இருபது நிமிடம் முழு வேகத்தில் ஓடவிட்டு, மேலே இழுக்கும் காற்றையும் கீழே விடும் காற்றையும் ஒரு சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டரில் பாருங்கள். வித்தியாசம் பத்து டிகிரியை ஒட்டி இருக்கவேண்டும், ஐந்து ஆறுதான் என்றால் ஆளைப் போகவிடாதீர்கள். ஒயரைச் சுற்றிப் பிடித்து கரண்டை அளக்கும் கிளாம்ப் மீட்டரில் எத்தனை ஆம்பியர் என்று பார்த்து அவுட்டோர் தகட்டில் உள்ளதோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். கரண்ட் பில் நமக்கு ரெண்டு மாதத்துக்கு ஒருமுறை, 500 யூனிட்டைத் தாண்டினால் கணக்கிடும் ஸ்லாபே மாறிவிடும் என்பதால், மெஷின் வீணாக இழுக்கும் யூனிட் அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பவர்களைத்தான் முதலில் அடிக்கும். இன்ஸ்டலேஷன் ஷீட்டில் கையெழுத்துப் போடும் முன் பைப் எத்தனை மீட்டர், கூடுதல் கேஸ் எத்தனை கிராம், வேக்கம் எவ்வளவு நேரம், ஓடும்போது ஆம்பியர், இந்த நாலையும் அவர் கையாலேயே எழுதவைத்து, முள் நின்ற கேஜையும் ஷீட்டையும் போட்டோ எடுத்து வாரண்டி கார்டோடு வையுங்கள்.